கடவுள் சும்மா மன்னித்திருக்கக் கூடாதா? சிலுவையின் பொருளைத் தேடி

சிலுவையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் ஏதோ ஒரு கட்டத்தில் இந்தக் கேள்வி வந்தே தீரும். கிறிஸ்தவர் அல்லாத நண்பர்கள் கேட்பார்கள், ஞாயிறு பள்ளியில் பத்து வயதுப் பிள்ளைகள் கேட்பார்கள், முப்பது வருடமாக ஆலயத்துக்குப் போகிறவர்கள்கூட வெளியே சொல்லாமல் மனசுக்குள் கேட்டுக்கொண்டிருப்பார்கள். கடவுளுக்கு மன்னிக்க வேண்டும் என்றால் மன்னித்துவிட வேண்டியதுதானே, நடுவில் எதற்கு ஒரு கொலை? இதைக் கேட்கிறவரை விசுவாசம் குறைந்தவர் என்று அதட்டி உட்கார வைப்பது எனக்குப் பிடிக்காது. திருச்சபையின் பெரிய பெரிய அறிஞர்கள் எல்லாம் நூற்றாண்டுக் கணக்கில் மல்லுக்கட்டியது இந்தக் கேள்வியோடுதான்.

பதிலுக்குப் போவதற்கு முன்னால், சிலுவை என்பது அந்தக் காலத்தில் என்னவாக இருந்தது என்று நிதானமாகப் பார்க்க வேண்டும். இன்று அது கழுத்துச் சங்கிலியில் தொங்குகிறது, கோபுர உச்சியில் நிற்கிறது, பார்த்துப் பார்த்து நமக்குப் பழகிவிட்டது. ரோமப் பேரரசில் வாழ்ந்தவர்களுக்கு அது அடிமைகளையும் கலகக்காரர்களையும் கொல்கிற மரம். ரோமக் குடியுரிமை உள்ள ஒருவரைப் பொதுவாக அதில் ஏற்ற மாட்டார்கள். கி.மு. 71இல் ஸ்பார்ட்டகஸ் தலைமையில் நடந்த அடிமைகளின் கிளர்ச்சியை அடக்கிய பிறகு, பிடிபட்ட சுமார் 6,000 பேரைக் கபுவாவிலிருந்து ரோம் வரைக்கும் அப்பியன் சாலை ஓரமாகவே சிலுவைகளில் அறைந்து வைத்தார்கள். ஆளைக் கொல்வது மட்டும்தான் நோக்கம் என்றால் ஒரு வாள்வெட்டு போதுமே. துணியை உருவி, போகிறவர் வருகிறவர் எல்லாரும் பார்க்கும்படி, மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில் சாக விடுவதற்குக் காரணம் வேறு. இவன் மனிதக் கணக்கிலேயே சேர்த்தி இல்லை என்று எல்லாருக்கும் காட்ட வேண்டும், அவ்வளவுதான். சிலுவை என்ற சொல்லே ஒரு ரோமக் குடிமகனின் கண்ணிலும் காதிலும் நினைப்பிலும்கூடப் படக் கூடாது என்று ரோமப் பேச்சாளர் சிசரோ ஒரு வழக்கில் வாதாடியிருக்கிறார்.

1968இல் ஜெருசலேமுக்கு வடக்கே ஒரு பழைய கல்லறையில் எலும்புப் பெட்டி ஒன்று கிடைத்தது. மேலே யெஹோஹனான் என்று பெயர், உள்ளே இருந்த குதிகால் எலும்பில் இரும்பு ஆணி ஒன்று அப்படியே வளைந்து நின்றது. எத்தனையோ ஆயிரம் பேரை இப்படிக் கொன்றிருந்தும், மண்ணுக்கு அடியிலிருந்து இப்படி வெளிவந்த சான்றுகள் மிக மிகக் குறைவு. சிலுவையில் செத்தவர்களில் பெரும்பாலானோருக்கு அடக்கம்கூடக் கிடைத்திருக்காது என்பதும் அதற்கு ஒரு காரணம்.

யூதர்களுக்கு இதற்கு மேலும் ஒரு கனம் இருந்தது. மரத்தில் தொங்கவிடப்பட்டவன் கடவுளின் சாபத்துக்கு உள்ளானவன் என்று அவர்களுடைய வேதநூலில் உபாகமம் 21ஆம் அதிகாரம் சொல்கிறது. மேசியா வந்து ஜனங்களை விடுவிப்பார் என்று காத்திருந்தவர்கள், வந்தவர் சபிக்கப்பட்டவராகச் செத்துப்போனார் என்பதை எப்படி ஏற்பார்கள்? யூதராகப் பிறந்து, ஆதிச்சபைகளுக்கு நிருபங்கள் எழுதிய அப்போஸ்தலர் பவுலுக்கு இது நன்றாகவே தெரியும். கி.பி. 50களில் கொரிந்து சபைக்கு எழுதும்போது, சிலுவையில் அறையப்பட்ட கிறிஸ்து “யூதருக்கு இடறலாயும் கிரேக்கருக்குப் பைத்தியமாயும்” இருக்கிறார் என்று வெளிப்படையாகவே ஒத்துக்கொள்கிறார். ரோமில் பாலத்தீன் குன்றில் ஒரு சுவர்க்கிறுக்கல் கண்டெடுக்கப்பட்டது. கி.பி. 200ஐ ஒட்டியது என்று பலர் கணிக்கிறார்கள். கழுதைத் தலையுள்ள ஒரு உருவம் சிலுவையில் தொங்குகிறது, கீழே ஒருவன் கையைத் தூக்கி நிற்கிறான், ‘அலெக்சமெனோஸ் தன் தெய்வத்தை வணங்குகிறான்’ என்ற பொருளில் ஒரு வரி. சிலுவையில் செத்தவரைக் கும்பிடுகிறவர்களை அக்கம்பக்கத்தார் எப்படிப் பார்த்தார்கள் என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி கிடைக்காது. ஆதிக் கிறிஸ்தவர்களே தங்கள் ஓவியங்களில் நல்ல மேய்ப்பனையும் மீனையும் யோனாவையும்தான் வரைந்தார்கள். இயேசு சிலுவையில் இருக்கும் காட்சி ஆலயக் கலையில் தைரியமாக வருவதற்கே ஐந்தாம் நூற்றாண்டு ஆகிவிட்டது. ரோமில் புனித சபீனா ஆலயத்தின் மரக்கதவில் இருக்கிற செதுக்கல், சுமார் 430, மிகப் பழையவற்றில் ஒன்று.

சரி, இவ்வளவு அவமானமான ஒரு சாவை மறைக்காமல், அதையே நற்செய்தி என்று ஏன் அறிவித்தார்கள்?

இங்கே இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்ப்பது நல்லது. இயேசு என்கிற யூதர் பொந்தியு பிலாத்துவின் ஆட்சியில் கொல்லப்பட்டார் என்பது வரலாறு. பிலாத்து யூதேயாவை ஆண்டது கி.பி. 26 முதல் 36 வரை. கிறிஸ்தவர்களை வெறுத்த ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸே இந்த மரணதண்டனையைக் குறிப்பிடுகிறார். இதை ஒத்துக்கொள்ள யாரும் கிறிஸ்தவராக இருக்க வேண்டியதில்லை. ஆனால் பவுல், தான் பெற்றுக்கொண்டதாகச் சொல்லிக் கொரிந்தியருக்கு ஒப்படைக்கிற அந்தப் பழைய அறிக்கையில் இன்னும் இரண்டே வார்த்தைகள் கூடுதலாக இருக்கின்றன: “நமது பாவங்களுக்காக”. விசுவாசம் ஆரம்பிக்கிற இடம் அது. ஒரு சாவு எப்படி இன்னொருவருக்காக ஆகும்? அதுவும் இரண்டாயிரம் வருடம் கழித்துப் பிறந்த ஒருவருக்காக?

பலருக்குத் தெரியாத ஒரு செய்தியை இங்கே சொல்லியாக வேண்டும். இந்த ‘எப்படி’ என்பதற்குத் திருச்சபையின் பொதுச் சங்கங்கள், அதாவது ஆயர்கள் கூடித் தீர்மானிக்கிற பேரவைகள், ஒரே விளக்கம் என்று எதையும் சட்டமாக்கவே இல்லை. கிறிஸ்து யார் என்பதில் ஒவ்வொரு சொல்லாகச் சண்டை போட்டுத் தீர்மானித்தார்கள், 325இல் நிசேயாவில், 451இல் கல்கெதோனில். சிலுவை விஷயத்திலோ விசுவாச அறிக்கை ‘நமக்காக’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது. நமக்கு ஞாயிற்றுக்கிழமை சொல்லித்தந்த ஒரு விளக்கம்தான் கிறிஸ்தவத்தின் ஒரே விளக்கம் என்று நினைத்துக்கொண்டு, அது மனசுக்கு ஒப்பவில்லை என்பதற்காக மொத்தத்தையும் விட்டுப்போனவர்கள் நிறையப் பேர். அது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

புதிய ஏற்பாடு ஒரே படத்தை வைத்துக்கொண்டு பேசுவதில்லை. இயேசு தன் உயிரை “அநேகரை மீட்கும்பொருளாக” கொடுக்க வந்ததாக, நற்செய்தி நூல்களை எழுதிய நால்வரில் ஒருவரான மாற்கு எழுதுகிறார். அது அடிமைச் சந்தையின் மொழி, விலை கொடுத்து ஒருவரை விடுவிப்பது. பலி என்பது ஆலயத்தின் மொழி. நீதிமானாக்கப்படுதல் நீதிமன்றத்தின் மொழி. ஒப்புரவாகுதல் என்றால் பிரிந்த இரண்டு பேர் மறுபடி சேர்வது, அது உறவின் மொழி. துரைத்தனங்களையும் அதிகாரங்களையும் சிலுவையில் வென்று வெளியரங்கமாக்கினார் என்று கொலோசெயர் நிருபம் சொல்வது போர்க்களத்தின் மொழி. இவற்றில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றவற்றை அதற்குள் திணிக்கும்போதுதான் சிக்கல் வருகிறது.

இயேசுவே தன் சாவுக்கு என்ன விளக்கம் கொடுத்தார் என்று பார்த்தால், நீளமான போதனை ஏதும் இல்லை. ஒரு இரவு உணவு இருக்கிறது. அப்பத்தைப் பிட்டு இது உங்களுக்காக என்கிறார், பாத்திரத்தை எடுத்துப் புதிய உடன்படிக்கையின் இரத்தம் என்கிறார். அது யூதர்களின் பஸ்கா பண்டிகைச் சமயம் என்பது ரொம்ப முக்கியம். மத்தேயு, மாற்கு, லூக்கா மூவரும் அதைப் பஸ்கா விருந்தாகவே சொல்கிறார்கள். யோவானில் நாள் ஒன்று தள்ளிப்போகிறது, அங்கே அவர் சாவது பஸ்காவின் ஆயத்த நாளில். கணக்கு ஒத்துப்போகவில்லை என்று ஆய்வாளர்கள் இன்றும் வாதாடுகிறார்கள், ஆனால் நால்வருமே அந்தச் சாவைப் பஸ்காவோடு கட்டிவிடுவதில் ஒத்துப்போகிறார்கள். யூத நாள்காட்டியில் பாவநிவாரண நாள் என்று தனியாகவே ஒன்று உண்டு, பாவங்களைச் சுமத்தி வெள்ளாட்டுக்கடாவை வனாந்தரத்துக்கு அனுப்புகிற நாள். இயேசு ஜெருசலேமுக்கு ஏறிப்போனது அந்த நாளில் அல்ல. எகிப்தில் அடிமைகளாக இருந்தவர்கள் விடுதலையாகி வெளியேறிய இரவைக் கொண்டாடுகிற பண்டிகையில் போனார். அந்த இரவின் ஆட்டுக்குட்டி யாருக்கோ பதிலாகத் தண்டனை பெற்ற ஆடு என்று யாத்திராகமம் சொல்லவில்லை. அதன் இரத்தம் வாசல் நிலையில் பூசப்பட்டது, சாவு அந்த வீட்டைக் கடந்து போனது, விடிவதற்குள் அவர்கள் புறப்பட்டுவிட்டார்கள். ஆகவே சிலுவையைப் புரிந்துகொள்ள இயேசு கையில் எடுத்துக்கொடுத்த முதல் சாவி விடுதலை. இதை மறந்துவிட்டு நேரே தண்டனைக்குப் போவது அவசரம் என்பது என் கருத்து.

தண்டனை, பாடு, பாவம் இவையெல்லாம் அங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. “நம்முடைய மீறுதல்களினிமித்தம் அவர் காயப்பட்டு” என்ற ஏசாயா 53இன் வரிகளை ஆதிச்சபை சிலுவையோடு சேர்த்தே வாசித்தது. ஆனால் பின்னால் வந்தவர்கள் ஒவ்வொருவரும் அவரவர் காலத்தின் கண்ணாடி வழியாகத்தான் பார்த்தார்கள். மீட்கும்பொருள் என்றால் விலையை யாரிடம் கட்டினார்கள் என்று கேட்டு, பிசாசிடம் என்று சிலர் பதில் சொன்னார்கள். நான்காம் நூற்றாண்டில் நீசாவின் கிரெகோரி, தூண்டில் முள்ளை இரை மூடியிருப்பதுபோல மனித உடலுக்குள் தெய்வீகம் மறைந்திருந்ததாகவும், பிசாசு விழுங்கி மாட்டிக்கொண்டதாகவும் எழுதினார். அவருடைய நண்பர் நாசியான்சுவின் கிரெகோரியோ, கொள்ளைக்காரனுக்குக் கடவுள் விலை கட்டுவதா என்று கொதித்துப்போனார். அப்புறம் கான்டர்பரி பேராயர் ஆன்செல்ம், 1098 வாக்கில். பிரபுவின் மரியாதைக்குக் குறைவு வந்தால் ஈடு செய்தே ஆக வேண்டும் என்ற சமூகத்தில் வாழ்ந்தவர் அவர். மனிதன் கடவுளுக்குச் செலுத்த வேண்டிய மரியாதையைச் செலுத்தவில்லை, ஈடு செய்ய வேண்டியவன் மனிதன், செய்ய முடிந்தவர் கடவுள் மட்டுமே, ஆகவே கடவுள் மனிதனாக வர வேண்டியதாயிற்று என்று அழகாகக் கோத்துக்காட்டினார். அடுத்த தலைமுறையில் பிரெஞ்சு இறையியலாளர் அபெலார்டு, கடவுளின் அன்பு அங்கே எவ்வளவு என்று கண்டு நம்முள் அன்பு பற்றிக்கொள்வதுதான் மீட்பு என்ற பக்கத்தை அழுத்திச் சொன்னார். பதினாறாம் நூற்றாண்டுச் சீர்திருத்தவாதிகளிடம், குறிப்பாகச் சட்டம் படித்த கால்வினிடம், அது நீதிமன்றமாக மாறியது. குற்றவாளி நான், தண்டனையை எனக்குப் பதிலாக அவர் ஏற்றார்.

அபெலார்டின் விளக்கம் முதலில் கேட்கும்போது இதமாக இருக்கும், ஆனால் அது மட்டும் போதாது. நான் பத்திரமாக வெளியே நிற்கும்போது என் மேல் உள்ள அன்பைக் காட்டுவதற்காக ஒருவர் எரிகிற வீட்டுக்குள் பாய்ந்தால் அதை அன்பு என்று யார் சொல்வார்கள்? உள்ளே நான் மாட்டிக்கொண்டிருந்தால்தான் அந்தப் பாய்ச்சலுக்கு அர்த்தம். கிழக்குச் சபைகள் இந்த வாதங்களுக்குள் அதிகம் நுழையவே இல்லை. மரணத்தால் மரணத்தை மிதித்தார் என்று உயிர்ப்புப் பண்டிகை இரவில் பாடுகிறார்கள், அவர்களுக்கு அதிலேயே எல்லாம் அடங்கிவிடுகிறது.

நீதிமன்றப் படத்தில்தான் நான் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் பிரசங்கங்களில் அதிகம் கேட்பதும் அதிகம் காயப்படுத்துவதும் அதுதான். ஒரு நீதிபதி இருந்தாராம், குற்றவாளி மேல் இரக்கப்பட்டுத் தன் சொந்த மகனைத் தூக்குக்கு அனுப்பினாராம். இப்படி ஒரு கதையைச் சொல்லிவிட்டு இதுதான் தேவ அன்பு என்கிறார்கள். எந்த ஊர் நீதிமன்றத்திலும் அது அநியாயம். கோபத்தில் இருக்கிற ஒரு அப்பா, நடுவில் பாய்ந்து அடி வாங்குகிற ஒரு மகன், அடி விழுந்த பிறகு தணிகிற கோபம். இந்தப் படம் மனசில் பதிந்துவிட்டால், இயேசுவை நேசிப்பதும் பிதாவுக்குப் பயந்து ஒதுங்குவதும்தான் மிஞ்சும். பவுல் எழுதியது இது இல்லை. தேவன் கிறிஸ்துவுக்குள் இருந்து உலகத்தைத் தம்மோடு ஒப்புரவாக்கினார் என்றே 2 கொரிந்தியர் 5 சொல்கிறது. யோவான் நற்செய்தியில் இயேசு, தன் உயிரை யாரும் தன்னிடமிருந்து பறிக்கவில்லை, “நானே அதைக் கொடுக்கிறேன்” என்கிறார். பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே கடவுள் என்கிற திரித்துவ விசுவாசம் இந்த இடத்தில்தான் உயிர்நாடி ஆகிறது. சிலுவையில் தொங்கியவர் கடவுளுக்கும் நமக்கும் இடையில் மாட்டிக்கொண்ட மூன்றாம் ஆள் என்றால் எந்த விளக்கமும் கொடூரமாகவே முடியும். அங்கே தொங்கியவரில் கடவுளே வந்திருக்கிறார் என்றால் கணக்கு முழுக்க மாறிவிடுகிறது, நீதிபதியே கூண்டில் ஏறி நிற்கிறார்.

இப்போது அந்த முதல் கேள்விக்கு வரலாம். சும்மா மன்னித்திருக்கக் கூடாதா?

நாம் பேசும்போது ‘பரவாயில்லை’ என்றும் சொல்கிறோம், ‘மன்னித்துவிட்டேன்’ என்றும் சொல்கிறோம். இரண்டும் ஒன்றா? காலை மிதித்துவிட்டவரிடம் பரவாயில்லை என்றால் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை என்று பொருள். உங்களுக்கு நெருக்கமான ஒருவர் உங்களைப் பற்றி ஒரு பொய்யைப் பரப்பி, அதனால் உங்கள் வேலை போய், பெயர் கெட்டு, நாலு வருடம் கழித்து வந்து அழுதுகொண்டு மன்னிப்புக் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவரிடம் பரவாயில்லை என்று சொல்ல முடியாது, சொன்னால் அது பொய். நடந்தது நடந்ததுதான். அந்த இழப்பு எங்கேயும் ஆவியாகிப் போகாது, ஒன்று அதை அவர் தலையில் திருப்பிக் கொட்ட வேண்டும், இல்லை நீங்கள் சுமக்க வேண்டும். மன்னித்துவிட்டேன் என்று நீங்கள் மெய்யாகச் சொல்கிற நாளில், போன வேலையும் தூங்காத இரவுகளும் உங்கள் கணக்கிலேயே நின்றுவிடுகின்றன. பெரிய தப்பை மன்னித்த எவருக்கும் இது தெரியும், உடம்பே வலிக்கும்.

சும்மா மன்னிக்கிற கடவுள் என்று நாம் கேட்பது, பரவாயில்லை என்று சொல்கிற கடவுளைத்தான். பிள்ளையைக் கொலைக்குப் பறிகொடுத்த ஒரு தாயின் முன்னால் நின்று, கொன்றவனிடம் கடவுள் பரவாயில்லை என்று சொன்னால் அந்தத் தாய் என்ன செய்வாள்? அப்படிப்பட்ட கடவுளிடம் அவளுக்கு எந்த வேலையும் இல்லை. கிறிஸ்தவ விசுவாசம் சொல்வது இதுதான்: கடவுள் அந்தத் தப்பைத் தப்பு என்றே தீர்ப்பிட்டார், அதே சமயம் அதன் பாரத்தைச் செய்தவன் தலையில் கொட்டாமல் தானே எடுத்துக்கொண்டார், அப்படி எடுத்துக்கொண்டது ஒரு நாள் பகலில் ஜெருசலேமுக்கு வெளியே எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. “பிதாவே, இவர்களுக்கு மன்னியும்” என்று லூக்கா பதிவு செய்திருக்கிற வார்த்தை, அடிக்கிற கை ஓய்வதற்கு முன்னாலேயே சொன்ன வார்த்தை. கொன்றவனைத் தாயும் மன்னித்தே ஆக வேண்டும் என்று இதை வைத்து அவளை நெருக்குவதற்கு யாருக்கும் உரிமை இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

உரிமை இல்லை என்று சொல்லக் காரணம் இருக்கிறது. சிலுவையின் பெயரால் நடந்த அநியாயம் கொஞ்சநஞ்சம் இல்லை. யூதர்கள் கடவுளைக் கொன்றவர்கள் என்று நூற்றாண்டுகளாகப் பழி சுமத்தி, பல நாடுகளில் பெரிய வெள்ளியன்றே அவர்கள் மேல் பாய்ந்திருக்கிறார்கள். இயேசுவின் சாவுக்குக் காரணம் பாவிகளாகிய நாமே என்று 1566இல் வெளியான ரோமன் கத்தோலிக்க மறைக்கல்வி நூலிலேயே தெளிவாக இருந்தது, ஆனாலும் அன்றிருந்த எல்லா யூதர்கள் மேலோ இன்றுள்ள யூதர்கள் மேலோ இந்தப் பழியைச் சுமத்த முடியாது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளிப்படையாக அறிவிக்க 1965 வரைக்கும் ஆனது. இன்னொரு அநியாயம் வீட்டுக்குள் நடப்பது. கணவனிடம் தினமும் அடி வாங்குகிற பெண்ணிடம், இது உன் சிலுவை, பொறுத்துக்கொள் என்று ஆலோசனை சொல்கிறார்கள். இயேசு தானாகக் கொடுத்ததும், அவளிடமிருந்து பிடுங்கப்படுவதும் ஒன்று இல்லை. அவர் சிலுவையில் ஏறியது அடிமைகளை வெளியே கொண்டுவர. அவளை உள்ளே வைத்துப் பூட்டுவதற்கு அதையே சாவியாக்குவது பெரிய பாவம்.

துன்பப்படுகிறவர்களுக்குச் சிலுவை வேறு விதமாகப் பேசியதும் உண்டு. 1512க்கும் 1516க்கும் இடையில் ஓவியர் குரூனவால்ட், இசன்ஹைமில் இருந்த ஒரு மடத்துக்காகப் பீட ஓவியம் வரைந்தார். அந்த மடத்தின் துறவிகள் கவனித்துக்கொண்டவர்கள், பூஞ்சை பிடித்த தானியத்தால் வருகிற ஒரு கொடிய நோயில் விழுந்தவர்கள். தோல் எரியும், கைகால் அழுகும், வெட்டி எடுக்க வேண்டி வரும். குரூனவால்ட் வரைந்த இயேசுவின் உடம்பு முழுக்கப் புண், தோல் பச்சை பாரித்துக் கிடக்கிறது, விரல்கள் முறுக்கிக்கொண்டு நிற்கின்றன. அந்த நோயாளிகள் பீடத்தில் பார்த்தது தங்கள் தோலைத்தான்.

“என் தேவனே! என் தேவனே! ஏன் என்னைக் கைவிட்டீர்” என்ற கதறலையும் இந்தப் பக்கத்திலிருந்துதான் நான் வாசிக்கிறேன். அது 22ஆம் சங்கீதத்தின் முதல் வரி, அந்தச் சங்கீதம் நம்பிக்கையில் முடிகிறது என்று உடனே ஆறுதல் சொல்லிவிடுவார்கள். உண்மைதான், ஆனால் மாற்கு முதல் வரியை மட்டுமே தருகிறார், அதுவும் “எலோயீ” என்று இயேசு பேசிய அராமிக் மொழியிலேயே முதலில் தந்துவிட்டு, பிறகுதான் அதன் பொருளைச் சொல்கிறார். பதினெட்டு வயதுக்குள் போருக்கு இழுக்கப்பட்டு, குண்டுவீச்சில் நண்பன் பக்கத்திலேயே சாவதைக் கண்டு, போர்க்கைதி முகாமில் வேதாகமத்தைப் படித்த ஜெர்மானிய இறையியலாளர் மோல்ட்மன்னைப் பிடித்து நிறுத்தியது இந்தக் கதறல்தான். கடவுளால் கைவிடப்பட்டேன் என்று கதறுகிற இடத்துக்கும் கடவுள் வந்திருக்கிறார் என்று அவர் எழுதினார்.

இதெல்லாம் உயிர்த்தெழுதல் இல்லாமல் நிற்காது. கிறிஸ்து எழுந்திராவிட்டால் உங்கள் விசுவாசம் வீண் என்று பவுலே சொல்லிவிட்டார். மூன்றாம் நாள் நடக்கவில்லை என்றால் அப்பியன் சாலையோரம் தொங்கியவர்களோடு இன்னும் ஒருவர், அவ்வளவுதான். ஆனாலும் மாற்கு ஒரு காரியம் செய்திருக்கிறார். அவருடைய நற்செய்தியில் இயேசுவைத் தேவகுமாரன் என்று பிசாசுகள் சொல்கின்றன, வானத்திலிருந்து குரல் சொல்கிறது, மனிதரில் ஒருவரும் முழு மனதோடு அப்படி அறிக்கையிடுவதில்லை. அற்புதங்களைப் பார்த்தபோதும் இல்லை, கடல் அடங்கியபோதும் இல்லை. உயிர்த்தெழுதல் வரைக்கும் காத்திருந்து யாரையாவது சொல்ல வைத்திருக்கலாம். மாற்கு காத்திருக்கவில்லை. கல்லறைக்கு இன்னும் கொண்டுபோகவில்லை, உடல் மரத்திலேயே இருக்கிறது, தண்டனையை நிறைவேற்ற நின்ற ரோமப் படையின் நூற்றுக்கு அதிபதி அவர் உயிர் விட்ட விதத்தைப் பார்த்துச் சொல்கிறான்: “மெய்யாகவே இந்த மனுஷன் தேவனுடைய குமாரன்.”